தொடையில் எடுத்த ரத்தம்

மார்ச் 12, செவ்வாய்

முதல் ஷிப்ட் முடிந்து வந்தேன். என் வீட்டுக்காரர் குப்புறப் படுத்திருந்தார். ஒரகடம் கம்பெனியில் பாரம் தூக்கி இடுப்பு பிடித்ததிலிருந்து இப்படித்தான். வலி மாத்திரை போட்டால்தான் பஸ் ஏற முடிகிறது. ஊருக்கே போய்விடலாம் என்றேன். "போயி என்னத்தத் திங்க?" என்று கத்தினார். நானும் கத்தினேன். பேசாமலே நைட் ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 13

வேலைவிட்டு வந்து எழுப்பினேன். பாண்டி எழவில்லை.

மார்ச் 16

ஊரில் அடக்கம் முடிந்தது. அழுகை வரவில்லை. மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "எம் புள்ளைட்ட என்னட்டி சொன்ன? மாத்திரைய அள்ளித் தின்னுட்டானே!"

தின்றாரா? எனக்கும் தெரியவில்லையே.

மார்ச் 25

குன்றத்தூர் அறைக்குத் திரும்பிவிட்டேன். வேலைக்குப் போனேன். அவருடைய யூனிபார்மைத் துவைத்தேன். ஏன் துவைத்தேன்?

மே 9, வியாழன்

ஸ்டேஷனில் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்.ஐ. ஜெகநாதன் சொன்னார்: "லேப் ரிப்போர்ட் வந்துட்ச்சும்மா. இதயத்துல எடுத்த ரத்தத்துல வலி மாத்திரை எக்கச்சக்கமா கீது. மொத நாள் சண்டை வேற. தற்கொலைதான்." தலையாட்டினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

என்னை விட்டுப் போக அவ்வளவு அவசரமா?

மே 10

இல்லை. செய்திருக்க மாட்டார் — செய்திருப்பாரோ? லீவு சொல்லிவிட்டு, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் ராஜலட்சுமியைப் போய்ப் பார்த்தேன். "தொடையில எடுத்த ரத்தமும் அனுப்பியிருக்கேன். அது வராம கேஸை முடிக்கக் கூடாதுன்னு ஸ்டேஷனுக்கு நானே சொல்றேன்" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

டாக்டர் உட்காரச் சொன்னார்.

"செத்த பிறகு உறுப்புகள்ல இருக்கிற மருந்து பக்கத்து ரத்தத்துல கசியும், கவியா. அதனால இதய ரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். தொடை தள்ளி இருக்கு, அந்த ரத்தத்தை நம்பலாம். அதுல வழக்கமா போடுற அளவுதான். வயித்துலயும் மாத்திரை குவியல் இல்ல. ஆனா தூக்க மாத்திரையும் இருந்துச்சு."

நைட் ஷிப்ட் முடிந்து பகலில் தூக்கம் வரவில்லை என்றதற்கு வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"ரெண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கிடுச்சும்மா. அவர் சாக நினைக்கல. தூங்க நினைச்சார்."

மாமியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நான் அங்க வாரேன்" என்றார்.

ஜூன் 24, திங்கள்

மாமியார் வந்திருக்கிறார். மகன் பஸ் ஏறும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. இறங்கிய ஒருவர் இடுப்பைப் பிடித்தபடி நடந்தார். மாமியார் என்னையும் இழுத்துக்கொண்டு போய் அவரை மறித்தார்.

"எய்யா, நீ என்ன மாத்திரை திங்க?"

அவர் விழித்தார். "இன்னா ஆயா?"

"வலிக்கு மட்டுமா, தூக்கத்துக்கும் உண்டாய்யா? ரெண்டுன்னா டாக்டர்ட்ட ரெண்டையும் சொன்னியா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். வாங்கினேன். எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.