எழில்மதியின் மூச்சு

பெங்களூரில் இருக்கும் மாமாவுக்கு,

போன மாதம் நான் வேலை செய்யும் அரிசி மில்லுக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். தூசியும் வறுமையும் கூலியாட்களின் நெஞ்சை என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சியாம். மூச்சை அளக்க நாளை எல்லோரும் ஒரு குழாயில் ஊத வேண்டும் என்றார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்டார். இத்தனை வருடம் யாரும் கேட்காததைக் கேட்டால் சந்தேகம் வராதா? சரியாக ஊதாதவர்களை வேலையிலிருந்து நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று முடிவு செய்தோம்.

மறுநாள் ஆளுக்கொரு நல்ல நெஞ்சைக் கூட்டி வந்தோம். இருசம்மாள் பெயரில் அவள் மருமகள் ஊதினாள். என் பெயரில், கரியாலூரிலிருந்து வந்த உங்கள் தங்கச்சி எழில்மதி ஊதினாள். விறகுச் சுமையோடு மலையேறுகிறவள். குழாய் பிழைத்ததே பெரிது.

போன வாரம் முடிவு வந்தது. மில் வேலை உடம்புக்கு நல்லது என்று முதலாளி புரிந்துகொண்டார்.

"உனக்கு நெஞ்சு இரும்பாட்டம் இருக்குது. இன்னாத்துக்கு வாசல்ல பெருக்கிக்கினு இருக்க? தவிட்டு ரூமுக்குப் போ" என்றார்.

மில்லிலேயே தூசி அதிகமான அந்த ரூம்தான் இருசம்மாளுக்கும். "நாமளே ஊதியிருந்தா வூட்டுக்கு அனுப்பியிருப்பான். இப்ப சுடுகாட்டுக்கு அனுப்புறான்டி" என்று சிரித்தாள். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

டாக்டரம்மா திங்கட்கிழமை மறுபடி வருகிறார். இந்த முறை நானே ஊதப் போகிறேன். வேலை போனால் திட்டாதீர்கள்.

இந்த வாரம் முழுக்க உங்கள் போனை எடுக்கவில்லை என்று கோபமும் வேண்டாம். பேசினால் மூன்றாவது வார்த்தையில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அதை நீங்கள் கேட்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி