ஈரம் பட்ட தாள்

ஆகஸ்ட் 4, 2025

கழுவுகிறேன். தினமும்தான் கூண்டைக் கழுவுகிறேன். கழுவி, துடைத்து, தாள் மாற்றி நிமிர்வதற்குள் மறுபடி நனைத்துவிடுகின்றன. இரண்டு கினிப்பன்றிகள், வீட்டில் எல்லோருக்கும் அவை எலி. மதுரையில் படித்த வருடங்களில் எனக்கு மிஞ்சியவை. உட்கார்ந்த இடத்தில் பெய்து, அதிலேயே படுக்கின்றன. காய்ந்தால் சுண்ணாம்பு போல வெள்ளைப் படிவு. வினிகர் ஊற்றித் தேய்த்தால்தான் போகிறது.

பக்கத்து வீட்டு ஞானபூரணி டீச்சர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வீட்டுக்குள்ள பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் கட்டியிருக்கீகளா?" நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 7

அத்தான் ஒரு கட்டுப் பழுப்புத் தாள் கொண்டுவந்து போட்டார். ஏதோ மூட்டைகளின் உட்பக்கத் தாளாம்.

"இந்தா புள்ள, ஒன் எலிக்கு மெத்தை. இனி பேப்பர்க் கடைக்கு அலையாத. அதுக மோள்றதுக்குத் தினத்தாள் எதுக்கு, படிக்கவா போகுது?"

"ஓசியில குடுத்ததுக்கு எம்புட்டுப் பேச்சு," என்றாள் அக்கா.

நல்ல தாள். கனமானது. உறிஞ்சுகிறது.

ஆகஸ்ட் 12

நனைந்த தாளில் ஒரு துண்டைக் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் விட்டு, அதன் மேலே புல் கட்டித் தொங்கவிட்டேன். தின்னும்போதே பெய்யும் பழக்கம் அவற்றுக்கு. இப்போது பாதி நேரம் அந்த மூலைக்கே போகின்றன. சின்ன வெற்றி.

நனைந்த தாள்களைச் சாக்கில் அமுக்கி, வீட்டின் பின்னால் தகரக் கொட்டகையை ஒட்டி வைக்கிறேன். குப்பை வண்டி ஒழுங்காக வருவதில்லை. கொட்டகையில் அத்தானின் அட்டைப்பெட்டிகள். தீபாவளி சீசன் முடியும்வரை பூட்டுதான்.

ஆகஸ்ட் 15

நகம் வெட்ட எலி ஒன்றைத் திருப்பிப் பிடித்தேன். பாதம் மின்னியது. வெள்ளி. என் விரலிலும் ஒட்டியது.

திருத்தங்கலில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி. பட்டாசு மருந்து மூட்டைத் தாள் லைசென்ஸ் உள்ள கம்பெனியை விட்டு வெளியே வராது. அத்தானுக்கு எப்படி?

அக்காவின் நகக்கண்கள் — அதே நிறம். நான் அச்சக வேலைக்குப் போன பிறகு, பகலெல்லாம் அவள் எங்கே இருக்கிறாள்?

ஆகஸ்ட் 16

வேலைக்குக் கிளம்பியவள் தெருமுனையிலிருந்து திரும்பி வந்தேன். கொட்டகைக் கதவைத் தட்டினேன். அக்காதான் திறந்தாள். அவளுக்குப் பின்னால் காகிதக் குழாய்கள், மூட்டைகள், தரையெல்லாம் சாம்பல் மினுக்கம்.

"ஆமா. நாந்தான் மருந்து அடைக்கேன். தீவாளி வரைக்குந்தான். நீ வாயத் தொறந்தேன்னா அவுக உள்ள போயிருவாக. பெறகு நான் ஒன் எலிக்கூண்டுலயா குடியிருக்க?"

பொடியில் ஈரம் பட்டால் சூடேறிப் பற்றிக்கொள்ளும். இங்கே குழந்தைகூடச் சொல்லும். என் சாக்கு நினைவுக்கு வந்தது. தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் வைத்தது, அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தது.

ஓடிப்போய்ச் சாக்குக்குள் கையை நுழைத்தேன். நடுவில் சூடு. காய்ச்சல்காரர் நெற்றி போல. அழுகுகிற சூடா? பொடியின் சூடா? தண்ணீர் ஊற்றவும் கூடாதே, வேறு என்னதான் செய்ய?

"எக்கா, வெளிய வா, வெளிய வா, வெளிய வா—"

சாக்கைக் காலிமனை வரை இழுத்துப் போனேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். பரப்பி, காய்ந்த மணலை வாரிக் கொட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததால், அக்கா திரும்பவும் கொட்டகைக்குள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 17

மழை வரும்போல இருக்கிறது. வேறொன்றும் யோசிக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 19

அத்தானிடம் சொன்னேன்.

"தாள உதறித்தான குடுத்தேன்? சாக்க எடுத்துட்டேல்ல, முடிஞ்சுபோச்சு. நான் மருந்துலயே கெடந்து வளந்தவன். எனக்குப் பாடம் எடுக்காத தாயி."

எங்கள் தெருவில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படங்களில் பாதிப்பேர் மருந்தில் கிடந்து வளர்ந்தவர்கள்தான்.

ஆகஸ்ட் 20

போலீசில் சொன்னால் அக்காவும் மாட்டுவாள். சொல்லாவிட்டால் — அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மாநகராட்சி ஆபீசுக்குப் போய் எங்கள் வீட்டின் மேல் நானே புகார் கொடுத்தேன். எலி வளர்க்கிறோம், மூத்திர நாற்றம், பின்பக்கம் வந்து பாருங்கள் என்று. நாளை மறுநாள் ஆள் வருமாம். சாப்பிடும்போது இதை அத்தானிடம் சொன்னேன். பிசைந்த கை நின்றது.

"யாரு, டீச்சரம்மாவா எழுதிப் போட்டது?"

"நான்."

அடிப்பார் என்று நினைத்தேன். தட்டை மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அடித்திருக்கலாம்.

ஆகஸ்ட் 21

விடியுமுன் லோடு ஆட்டோ வந்து போனது. கொட்டகை காலி. அக்கா பெருக்கினாள். துடைப்பதற்கு ஈரத்துணியைப் பிழிந்தவள், சட்டென்று அதைத் தூர எறிந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22

சுகாதார ஆய்வாளர் வந்தார். கொட்டகையை எட்டிப் பார்த்தார். கூண்டருகே மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதுக்கா புகாரு? வெயில்ல வச்சு எடுங்கம்மா." போய்விட்டார்.

இந்த வாரத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 25

அக்கா இன்றுதான் என்னோடு பேசினாள். மூட்டையெல்லாம் எங்கே போனது என்று கேட்டேன்.

"புதுப்பட்டிக்கு. கருத்தப்பாண்டி அண்ணன் வீட்டுக்கு."

அத்தானின் கூட்டாளி. ஓட்டு வீடு. மழை பெய்தால் அவர் மனைவி முருகம்மாள் வீடு முழுக்க ஏனம் வைத்துத் தண்ணீர் பிடிப்பாள் என்று அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

"எக்கா, அந்த வீடு ஒழுகும்லா?"

"நம்ம வீட்டுல இல்லல்ல? விடு."

சொல்லிவிட்டு அவளும் வானத்தைப் பார்த்தாள். விட்டுவிடலாமா? நான் செய்தது இவ்வளவுதானா — எங்கள் பயத்தை மூட்டை கட்டி முருகம்மாள் வீட்டுக்கு அனுப்பியது?

ஆகஸ்ட் 26

காலையிலேயே தூறல். கூண்டுக்குத் தாள் மாற்றினேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புதுப்பட்டி வீட்டுக்கு அடையாளம் சொன்னேன். உடனே ஜீப் கிளம்பியது. சொல்பவர் பெயர் வேண்டும் என்றார்கள், சொன்னேன். அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டார்கள்.

அதையும் சொன்னேன்.