ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் விடுபடும் ஃபிரேம்கள்

நாள் 402 | வியாழன் | 09:10
வியாழன் கோளின் நிலவான கலிஸ்டோ, துளைப்பு நிலையம். பணியில் ஒருவர்: ஜெனோவா, பனித்துளைப்புப் பொறியாளர். வெளியே மைனஸ் 139 டிகிரி. துளை ஆழம் 2,214 மீட்டர். எல்லாம் ஒழுங்கு.

ஒரு சிறு கோளாறு. ஓய்வறைத் திரையோடு இணைத்திருக்கும் லினக்ஸ் கணினியில் காணொளி திக்கித் திக்கி ஓடுகிறது. சுருக்கி வரும் படத்தை விரிப்பது கிராபிக்ஸ் சிப்பின் வேலை. அது செய்யாததால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில். நிமிடத்துக்கு 340 ஃபிரேம் விடுபடுகிறது.

ஞாயிறுதோறும் என் கணவர் வியாகு தூத்துக்குடியிலிருந்து பேசுவது இந்தத் திரையில்தான். அதற்குள் சரிசெய்துவிட வேண்டும்.

நாள் 402 | 16:40
சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் இருக்கிறது. பதிப்பும் சரி. பிளேயரில் சிப்பிடம் வேலையை ஒப்படைக்கும் ஹார்டுவேர் முடுக்கம் அணைந்து கிடந்தது; போட்டேன். பலனில்லை. தோண்டிப் பார்த்தால், சிப்பைத் தொட என் கணக்குக்கு அனுமதியே இல்லை. நிர்வாகக் கடவுச்சொல் போட்டு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

இப்போது வேறு பிழைச்செய்தி: ‘சாதனம் வேறு பணியில் உள்ளது.’

இங்கே என்னைத் தவிர யாருக்கு என்ன பணி?

நாள் 403 | வெள்ளி | 10:25
‘பராமரிப்பு’ என்றொரு கணக்கு. நான் உருவாக்கியதல்ல. அதில் ஓடும் ஒரு நிரல் வாரத்தில் மூன்று நாள் சிப்பை முழுசாகப் பிடித்துக்கொள்கிறது. அது எழுதும் இடம், ‘ஞாயிறு’ என்ற ஃபோல்டர். உள்ளே 31 காணொளிகள். கடைசியானது இன்னும் முடியவில்லை. முடிந்த மட்டும் ஓடவிட்டேன்.

வியாகு. நீலச் சட்டை. “நேத்து சனிக்கிழம நல்ல மழ, ஜெனோ. தெருவுல முழங்காலளவு தண்ணி.”

இன்று வெள்ளிக்கிழமை.

நாள் 403 | 10:50
இது அவர் பேசியதல்ல. இங்கேயே செய்தது. பூமியிலுள்ள தரைநிலையத்திலிருந்து நாலைந்து வரி எழுத்து வருகிறது. சிப் அதற்கு அவர் முகத்தையும் குரலையும் மாட்டிவிடுகிறது. 31 வாரமாக.

நான் அனுப்பிய பதில்கள் பூமிக்குப் போகவேயில்லை. நிரலே கேட்டு என் மனநிலைக்கு ஒரு மதிப்பெண் போடுகிறது. அந்த எண் மட்டும் போகிறது. அதில் பத்தொன்பதாவது வாரம், கப்பலேறிய அன்று வழியனுப்ப வராததை மன்னித்துவிட்டேன் என்று அழுதுகொண்டே அவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு திரையில் அவர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன். ஃபோல்டரில் அதற்கு நேராக எழுதியிருப்பது: முன்பு 62, இப்போது 81.

செத்துப்போய்விட்டாரா? என்னிடம் மறைக்கிறார்களா?

நாள் 403 | 11:30
சாகவில்லை. ஃபோல்டரின் அடியில் ஒரு ஒப்புதல் கடிதம். முகத்தையும் குரலையும் பயன்படுத்த அனுமதி. அவர் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து, குழலி. தரைநிலையத்தில் தொடர்புப் பிரிவுத் தலைவி. பயிற்சிக் காலத்தில் இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவள்.

குழலிக்கு எழுதினேன். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும் என்று மட்டும்.

நாள் 404 | சனி | 11:15
ஒலி மட்டும் வந்தது. படம் இல்லை. அப்படியே எழுதி வைக்கிறேன்.

“ஜெனோ, நான்தான். வாராவாரம் கேமரா முன்னால உக்காந்து சிரிக்க என்னால முடியல. இந்த வாரம் வரலன்னு சொன்னேன். நீங்க வராண்டாம், ஒரு கையெழுத்து போடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்னாவ. போட்டுட்டேன். நீ சந்தோசமா இருக்கன்னு சொன்னாவ. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல.”

செத்திருந்தால் அழுதாவது முடித்திருப்பேன்.

குழலி இரண்டு வரி எழுதியிருந்தாள். “நீ அங்க தனியா உடைஞ்சு போயிடக் கூடாதுன்னுதான் செஞ்சோம். திட்டு, வாங்கிக்கிறேன்.”

நிரலை நிறுத்தினேன். சிப் விடுபட்டது. சோதனைக் காணொளி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. விடுபட்ட ஃபிரேம்: பூஜ்யம். பார்க்க ஒன்றுமில்லை.

நாள் 406 | திங்கள் | 13:00
புதன்தோறும் நான் கேமரா முன் நின்று தரைநிலையத்துக்கு உடல்நிலை அறிக்கை தர வேண்டும். இதுவரை 57 அறிக்கை. அத்தனையையும் அந்த நிரலுக்குக் கொடுத்தேன். இனி என் முகத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளட்டும்.

நாள் 408 | புதன் | 17:20
நிரல் செய்த அறிக்கை போனது. குழலியிடமிருந்து பதில்: “முகத்துல ஒரு தெளிவு தெரியுது ஜெனோ. நிம்மதியா இருக்கு.”

நான் முகம் கழுவி நாலு நாளாகிறது.

நாள் 413 | திங்கள் | 15:45
துளைக்குழாய் மாற்றும்போது பிடி நழுவி இடது முன்கையில் விழுந்தது. சதை கிழிந்து எலும்பு தெரிந்தது. எலும்பிலும் கீறல். நானே தைத்தேன். தெரிவிக்கவில்லை. யாரிடம்?

நாள் 415 | புதன் | 18:00
காய்ச்சல் 38.6. பகல் முழுக்கத் தூக்கம். விழித்தபோது அறிக்கை போய்விட்டிருந்தது. நேரம் வந்தால் தானாகப் போகும்படி நான்தான் வைத்திருந்தேன். போட்டுப் பார்த்தேன். அரைக்கைச் சட்டை. இரண்டு கையும் வழவழவென்று.

நாள் 416 | வியாழன் | 08:30
சீழ். விரல் மடங்கவில்லை. வீரிய மருந்துப் பெட்டி, தரைநிலையம் குறியீடு அனுப்பினால்தான் திறக்கும். காயத்தை விவரித்துக் கேட்டேன்.

நாள் 416 | 10:20
குழலி: “நேத்து ரெண்டு கையும் நல்லாத்தானே இருந்துது? கோபம் புரியுது. அதுக்காகக் கப்பலை முன்னாடியே வரவைக்க இப்படி எழுதாத.”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்றையது நிரல், அதற்கு முந்தின வாரமும் நிரல் என்று. கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காட்டிக் காணொளி எடுத்து அனுப்பினேன். இது நிஜம் குழலி என்று அதில் கெஞ்சியிருக்கிறேன்.

செய்தி போக நாற்பத்து மூன்று நிமிடம். வர நாற்பத்து மூன்று நிமிடம்.

நாள் 416 | 19:05
பதில் இல்லை. பெட்டியைச் சுத்தியலால் அடித்தேன். ஒரு கை. நசுங்கக்கூட இல்லை.

நாள் 417 | வெள்ளி |
39.9. பதில் வந்தது.

“ரெண்டு வீடியோவையும் எட்டு பேரு உக்காந்து பார்த்தோம், ஜெனோ. எது நீன்னு எங்களால சொல்ல முடியல. குழு முடிவு பண்ற வரைக்கும் பெட்டியைத் திறக்க முடியாது. பொறுத்துக்கோ.”

எட்டு பேர். அவளுமா

வியாகுவிடம் காட்டச் சொல்லி எழுதினேன். அவருக்குத் தெரியும் என் கண்

இதைக் கண்டெடுப்பவருக்கு. எழுதியது நான்தான். காணொளிகளைப் பார்க்க வேண்டாம். இடது முன்கை எலும்பைப் பாருங்கள், கீறல்