அப்பாவுக்கு நீ அனுப்பிய மாத்திரை

ஆம்பூர்
12.9.2004

அன்பு மகன் நெல்வினுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை ஃபீபியும் கர்த்தர் கிருபையில் இருக்கிறோம், சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ அமெரிக்காவில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதே எனக்குக் கவலை. அப்பாவின் கல்லறைக்குச் சிமெண்ட் பூசியாயிற்று. விசா சிக்கலில் நீ அடக்கத்துக்கு வர முடியாமல் போனதை இங்கே ஒருவரும் தப்பாகப் பேசவில்லை.

நீ அனுப்பிய ஈமெயிலை ஃபீபி படித்துக் காட்டினாள். அப்பாவுக்கு நீ மாத்திரை வாங்கிய அந்த இன்டர்நெட் மருந்துக் கம்பெனி மேல் கேஸ் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். அவள் ஒரு வக்கீலிடம் விசாரித்தாள். ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதுவது தப்புதான், ஆனால் எழுதிய டாக்டர் ஒரு நாடு, மாத்திரை வந்தது வேறு நாடு, சாப்பிட்டவர் ஆம்பூர், எந்த ஊர் கோர்ட்டில் போய் நிற்பீர்கள் என்று கேட்டாராம். போடுவதானால் போடு, நான் தடுக்கவில்லை. பேர் தெரியாத அந்த டாக்டர் மேல் எனக்கும் வயிறு எரிகிறது. ஒரு தரம் அப்பா வயிற்றை அமுக்கிப் பார்த்திருந்தால் அந்த மாத்திரையை எழுதியிருப்பானா. நம் தெரு மெடிக்கல் நிசார் பாய், டாக்டர் சீட்டு இல்லாமல் முட்டி வலி மாத்திரை தர மாட்டேன் என்று எத்தனையோ தடவை அப்பாவைத் திருப்பி அனுப்பியவர். துக்கத்துக்கு வந்து, அப்பா முகத்தைப் பார்த்து, "அந்த டப்பாவ எங்கிட்ட ஒரு வாட்டி காட்டியிருக்கக் கூடாதாண்ணே" என்று அழுதார்.

மாத்திரை வாங்கும்போது கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் இல்லை என்று டைப் அடித்து நான்தான் அப்பாவைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போனில் ஒவ்வொன்றாய் அவரைக் கேட்டுத்தானே அடித்தாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். வயிற்றுப் புண் இருந்ததா என்றதற்கு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, முட்டிதான் ஜாஸ்தியா வலிக்குது" என்றார். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது அவர் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பரீட்சை நேரம், பையனுக்குத் தெரிய வேண்டாம் என்று எங்கள் வாயை அடைத்தார். அதற்கப்புறமும் சொல்லவே விடவில்லை. மாத்திரை போட்டு வயிறு எரிகிறது என்றபோது நிறுத்தச் சொன்னேன், "புள்ள அங்கேர்ந்து அனுப்பினது, சும்மா இரு" என்று அதட்டினார். ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் இப்போது நாள் முழுக்க நிற்கிறேன், என் மகன் மருந்து என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறுபடி ரத்தமாய் எடுத்தார். வேலூருக்குக் கொண்டுபோகும்போது மாதனூர் தாண்டியதும் என் மடியிலேயே பேச்சு நின்றுவிட்டது. பழைய புண்ணை அந்த வலி மாத்திரை கிளறிவிட்டது என்றார் வேலூர் ஆஸ்பத்திரி டாக்டர். அப்பா உன்னிடம் மறைத்தது பாசத்தால், நீ அனுப்பியதும் பாசத்தால்தான். யாரை நான் திட்டுவது.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். தூக்கம் வரவில்லை என்று எந்த மாத்திரையும் வாங்கிப் போடாதே. போன ஞாயிறு போனில், நல்லா இருக்கேம்மா என்றாய். அப்பாவும் உன்னிடம் அப்படித்தான் சொன்னார். போனில் சொல்வதை இனி நான் நம்புவதாயில்லை. விசா சரியானதும் வா, உன்னை நான் நேரில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் முகத்துக்காகக் காத்திருக்கும் அம்மா
ஜெபராணி சுந்தர்ராஜ்