வாசலைப் பார்க்காமல் மூன்று மணித்தியாலம்

அன்பு அண்ணா,

எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். "கதைச்சு முடிக்கிற விசயத்துக்கு ஏன் கடதாசி?" என்று கேட்பீர்கள். கதைக்க நீங்கள் இல்லையே.

திங்கட்கிழமை துளசிக்குச் சாதாரண தரப் பரீட்சை தொடங்குகிறது. உங்கள் மகள் படிக்காமல் இல்லை. விடிய எழும்பி, எங்கள் சல்லி ஊர்க் கரையில் வள்ளங்கள் வந்து சேரும் சத்தத்துக்கு நடுவிலேயே கணக்குச் செய்கிறாள். பரீட்சை மண்டபத்தில்தான் அவளால் இருக்க முடிவதில்லை.

போன வருடம் தவணைப் பரீட்சையில் அவள் விஞ்ஞானத் தாள் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அதிபர் வாசலில் வந்து நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். உங்கள் வள்ளம் கவிழ்ந்த செய்தி. அன்றிலிருந்து எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் அவள் கண் வாசலுக்குத்தான் போகிறது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். உயர்தரப் பரீட்சையில் முதல்முறை நான் ஒரு கேள்வியை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு எல்லா விடைக்கும் ஒரு வரிசை தள்ளிப் புள்ளடி போட்டுவிட்டு வந்து அழுதேனே, அந்தக் கதையையும் சொன்னேன். அன்றைக்கு நீங்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தீர்கள். பத்து மிதப்புக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. "நாங்கள் ஆடுற வள்ளத்தில நிண்டு எண்ணுறம், உனக்குக் கதிரையில இருந்து ஏலாதோ? பத்துக்கொருக்கா நிண்டு கேள்வி இலக்கத்தைப் பார்" என்றீர்கள். இரண்டாம் முறை அப்படித்தான் தப்பினேன். என் பட்டமளிப்புப் படத்தை அண்ணி உங்கள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறா.

துளசி பொறுமையாகக் கேட்டாள். "பத்துக்கொருக்கா இலக்கத்தைப் பாக்கலாம் மாமி. ரெண்டு நிமிசத்துக்கொருக்கா வாசலைப் பாக்கிறனே, அதுக்கு என்ன செய்யிறது?"

அதற்கு உங்களிடம் விடை இருந்திருக்குமா?

பிறகு சனிக்கிழமை காலைகளில் அவளைச் சீருடையோடு முன்னறையில் இருத்தி, பழைய வினாத்தாளைக் கொடுத்து, வாசலை மறித்து ஒரு கதிரை போட்டு நான் இருந்தேன். ரோட்டால் போனவர்கள் விடவில்லை. "என்ன பிள்ளை, வீட்டுக்குக் காவலோ? சம்பளம் எவ்வளவு?" நிமிர்ந்து கதைக்காத நான், "சோதனை நடக்குது, சத்தம் போடாமப் போங்கோ" என்று சொல்லிவிட்டேன். உள்ளே துளசி சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம்!

முதல் சனிக்கிழமை இருபது நிமிடம்தான் இருந்தாள். போன சனிக்கிழமை, நேரம் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது பேனையை வைத்துவிட்டாள். வாசலைப் பார்க்கவில்லை. "அப்பாட ஞாபகம் வந்திட்டுது மாமி" என்றாள். அவ்வளவுதான்.

பரீட்சை முடியும்வரை ஒவ்வொரு நாளும் பாடசாலை வாசல் படலையடியில் நிற்பேன். எந்தச் செய்தியும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகும். இது என் வாக்கு.

இன்னொன்று இருக்கிறது. கேட்க மனம் வராமல் இவ்வளவு தூரம் எழுதிவிட்டேன். அவள் எழுதுகிற அந்த நேரம் மட்டும் அவளுடைய நினைவுக்குள் வராதீர்கள், அண்ணா. கடைசி மணி அடித்ததும் வாருங்கள்.

உங்கள் தங்கச்சி