நூல் வாங்கப் போன அன்னைக்கு

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதறேன். நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்க அப்படியே இருக்கணும், சின்னவளுக்கு இருமல் விட்டுதான்னு எழுது. போன்ல சொல்லாம இந்தம்மா எதுக்குக் காகிதத்துல எழுதறாங்கன்னு நினைப்பே. இங்க இருக்கறது ஒரே ரூம், நான் போனை எடுத்தா உங்கப்பா கண்ணை மூடிப் படுத்துக்கிட்டு ரெண்டு காதையும் என் பக்கம் திருப்பி வச்சிருக்கார். அதனால கீழ வீட்டுக்காரம்மாகிட்ட நாலு தாள் வாங்கி அவங்க சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மேஜை ஆடுதுன்னு அர்த்தம்.

நீ தேடிப் பிடிச்சுக் கொடுத்த ரூம் நல்ல ரூம்தான், குத்தம் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்தா கடல், மூடினாலும் கடல் சத்தம். மணல்தான் தாங்கலை, படுக்கையில மணல், சோப்புல மணல், ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்கறேன். விடும்மா, நமக்கு முன்னாடியே அது இங்க குடியிருக்குன்னு உங்கப்பா சொல்றார். அவருக்கு இந்த இடம் அவ்வளவு ஒத்துப்போயிடுச்சு. காலையில போய் முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுட்டு வருவார், வந்து வராந்தாவுல கட்டியிருக்கற வலை ஊஞ்சல்ல விழுவார், மத்தியானம் மீனும் சோறும் சாப்பிட்டு மறுபடி ஊஞ்சல், சாயங்காலம் பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்காரரோட கேரம். முப்பத்தஞ்சு வருஷம் லாரி ஓட்டி முதுகு தேஞ்ச மனுஷன், அவருக்கு இது வேணும்னு எனக்குத் தெரியாதா. எனக்குத்தான் முடியலை. இருபத்தாறு வருஷம் ரெண்டு தையல் மெஷினுக்கு நடுவுல இருந்துட்டு திடீர்னு கடலைப் பாருன்னா எத்தனை நேரம் பார்க்கறது, நானும் பார்த்தேன், வருது போகுது, வருது போகுது. நாற்காலியில உட்கார்ந்தா கால் தானா மிதிக்குது, வீட்டுக்காரம்மா பார்த்துட்டு கால்ல ஏதாவது வலியான்னு கேட்டாங்க. ரெண்டாவது வாரமே எங்க ரூம் திரைச்சீலையைக் கழட்டி அடிமடிப்பைப் பிரிச்சு கையாலயே தைச்சேன், அவ்வளவு கேவலமான தையல் அது. அதைப் பார்த்து அந்தம்மா மத்த ரூம் திரையெல்லாம் கொண்டு வந்து கொடுத்துட்டாங்க, பசிச்சவளுக்கு இலை போட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு. உங்கப்பா சிரிச்சார், ஓய்வெடுக்க வந்த இடத்துலயும் கடையைத் திறந்துட்டியான்னு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆறு வாரம்னுதானே நீ எடுத்துக் கொடுத்தே. அஞ்சாவது வாரம் ஒரு நாள் நான் படியைப் பெருக்கிக்கிட்டு இருக்கேன், வீட்டுக்காரம்மா மேல வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் ரெண்டு மாசம் இருக்கப் போறீங்களாமே, ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க. நான் துடைப்பத்தோட நிக்கறேன். எனக்குத் தெரியவே தெரியாது. போய்க் கேட்டா, சொல்லலாம்னுதான் இருந்தேன்னு ஊஞ்சல்ல இருந்தே சொல்றார், எழுந்துகூட உட்காரலை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்கூல் திறக்கற நேரம், யூனிஃபார்ம் துணி மூட்டை மூட்டையா வந்து நிக்கும், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கற பொண்ணு ஒருத்தியை நம்பிக் கடையை விட்டுட்டு வந்திருக்கேன், ஒரு வார்த்தை என்கிட்ட கேட்கணும்னு தோணலையே. ரெண்டு நாள் பேசலை நான். ஒரே ரூம்ல பேசாம இருக்கறது எவ்வளவு பெரிய பாடு தெரியுமா, கோவிச்சுக்கிட்டு எழுந்து போறதுக்கு ஒரு அடுப்படிகூடக் கிடையாது. அப்பத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாங்க மூணாவது நாள் வரைக்கும் சண்டை போட்டதே இல்லை. மூணாவது நாள் அவர் லோடு ஏத்திக்கிட்டுக் கிளம்பிடுவார், திரும்பி வரப்ப எதுக்குக் கோபம்னு ரெண்டு பேருக்கும் மறந்திருக்கும்.

இந்தத் தடவை அவர் எங்கயும் போகலை, அதனால நான் கிளம்பினேன். மூணாம் நாள் காலையில பையைக் கட்டி வச்சு, நான் வீட்டுக்குப் போறேன், நீங்க இருந்துட்டு வாங்கன்னு சொன்னேன். தடுப்பார்னு நினைச்சேன், பொய் சொல்லலை. எழுந்து சட்டையை மாட்டினார், பையைத் தூக்கிக்கிட்டார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் முன்னால நடந்தார். டயரைத் தட்டிப் பார்த்துட்டு, டிரைவர்கிட்ட ரோடு எப்படின்னு விசாரிச்சு, என்னை வெயில் படாத பக்கமா ஜன்னலோரம் உட்கார வச்சுட்டு கீழ இறங்கி நின்னார். நான் மேல, அவர் கீழ. எனக்கு என்னமோ போல ஆயிடுச்சு, எங்க வாழ்க்கையில எப்பவும் கீழ நிக்கறது நான்தானே. அவர் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வேற எங்கயோ பார்த்துக்கிட்டுப் பேசினார். ரிட்டயர் ஆகி வந்து எட்டு மாசம் அந்த வீட்டுல இருந்தேன், சர்க்கரை டப்பா எதுன்னு எனக்குத் தெரியாது, கேட்டா நகருங்க நான் எடுக்கறேன்னு சொல்லுவே, நான் ஒரு டம்ளரை வச்சா பின்னாலேயே வந்து அதை எடுத்து வேற இடத்துல வைப்பே, தப்புன்னு சொல்லலை, அது நீ கட்டி ஆண்ட வீடு, ஆனா அங்க நான் விருந்தாளி, இங்கன்னா ரெண்டு பேருமே விருந்தாளி, அதான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பார்த்தேன்னார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பஸ் கிளம்பிடுச்சு. அவர் கூடவே நாலடி நடந்தார், அப்புறம் நின்னுட்டார்.

பஸ்ல எனக்கு இருப்புக் கொள்ளலை. நான் அவரை எப்ப விரட்டினேன், வேளாவேளைக்குச் சுடச்சுடப் போட்டேனே, துவைச்சு மடிச்சு வச்சேனேன்னு மனசுக்குள்ள வழக்காடிக்கிட்டே போறேன். விருந்தாளிக்கும் அதைத்தானே செய்வாங்கன்னு திடீர்னு பட்டுச்சு பாரு, அதுக்கப்புறம் வழக்கு நிக்கலை. அடுத்த டவுன் வந்ததும் பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டேன். கண்டக்டர், டிக்கெட் கடைசி ஸ்டாப் வரைக்கும் இருக்கேம்மான்னு கத்தறார், இருக்கட்டும்ப்பான்னேன். திரும்பற பஸ் மூணு மணி நேரம் கழிச்சுத்தான்னாங்க. அந்த வெயில்ல எங்க உட்கார்றது, கடைத்தெருவுல மேலும் கீழும் நடந்தேன், கடைசியில ஒரு நூல் கடை, உள்ள போனா கை தானா திரைக்குத் தோதான நீலத்தை எடுக்குது.

சாயங்காலம் வந்து இறங்கினா வாசல்லயே வீட்டுக்காரம்மா, நூல் கிடைச்சுதான்னு கேட்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. காலையில நான் எங்கேன்னு இவங்க கேட்டதுக்கு, திரைக்கு நூல் வாங்கப் போயிருக்கான்னு உங்கப்பா சொல்லியிருக்கார். கூட வாழறவ விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்ல மனசு வரலை அவருக்கு. நான் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன், நல்ல கலர்னாங்க. மாடிக்குப் போனா ஊஞ்சல் காலியா இருக்கு, மனுஷன் ரூமுக்குள்ள கட்டில் விளிம்புல செருப்பைக்கூடக் கழட்டாம உட்கார்ந்திருக்கார், வாங்கி வச்ச சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காம அப்படியே இருக்கு. என்னைப் பார்த்துட்டு, பஸ் ரிப்பேரான்னார். ஆமான்னேன். பிரிச்சு ரெண்டு பேரும் சாப்பிட்டோம், ஆறிப் போயிருந்தது, ஒருத்தரும் குறை சொல்லலை.

ரெண்டு மாசம்கறதை மூணு வாரம்னு பேசி முடிச்சிருக்கோம், காஜாப் பொண்ணுக்கும் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியில நடுத் தட்டு ரெண்டும் அவருக்கு, டம்ளரை எங்க வச்சாலும் நான் கையை வைக்கறதில்லைன்னு ஒத்துக்கிட்டிருக்கேன். முடியுமான்னு தெரியலை. இதை எழுதறப்பவே கால் மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. இருக்கறதுக்கும் பிடிக்கலை, கிளம்பறதுக்கும் மனசில்லை, நடு ரோட்டுல நிக்கற மாதிரி இருக்கேன். காலையில அவரோட தண்ணிக்குள்ள கணுக்கால் வரைக்கும் போய்ப் பார்த்தேன், காலுக்கடியில மண்ணை உருவிக்கிட்டுப் போகுது, சட்டுனு அவர் கையைப் பிடிச்சுட்டேன், சுத்தி இத்தனை பேர் இருக்கறப்ப.

நீ போன தடவை வந்திருந்தப்ப சின்னவளுக்குப் பால் ஆத்தணும்னு சமையலறைக்கு வந்து, கரண்டி எங்கம்மான்னு கேட்டே. நகரு, நான் எடுக்கறேன்னு சொன்னேன். அப்ப உன் முகம் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன், ஞாபகம் வரலை, நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். உனக்கும் அப்படி இருந்துச்சாடி?

மூணு பேரும் நோய் நொடி இல்லாம, வயிறும் மனசும் நிறைஞ்சு இருங்க. மாப்பிள்ளையை விசாரிச்சதாச் சொல்லு. சின்னவளோட தோள், இடுப்பு, உயரம் மூணும் டேப் வச்சு அளந்து எழுது, உத்தேசமா எழுதாதே. பஸ் விஷயம் நான் சொன்னதா உங்கப்பாகிட்ட காட்டிக்காதே. கடைசியாக் கேட்டேனே, அதுக்கு மட்டும் போன்ல பதில் வேணாம், இல்லம்மான்னு சட்டுனு சொல்லிடுவே. யோசிச்சு எழுது.

உன் அம்மா