எனக்கு மட்டும் கேட்ட கிட்டார்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கும் கேக் பெட்டி மடித்ததில் விரலைக் கிழித்துக்கொண்டேன். பேக்கரியில் இது சகஜம். ஆனால் கிட்டார் கம்பியை அழுத்தும் விரலாகப் பார்த்துத்தான் கிழிகிறது.

சனிக்கிழமை காப்பிக் கடை மாடியில் அக்கா பாடுகிறாள். அத்தான் கீபோர்டு. நான் கிட்டார். "அவளும் ஒரு ஓரமா இருக்கட்டும்" என்று கடைக்கார அம்மாவிடம் அக்கா போனில் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது. ஓரமாம். இவர்கள் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்பதற்காக நான் என்ன துடைப்பமா?

மார்ச் 5, வியாழன்

அத்தான் என் கிட்டாருக்குள் கையை விட்டு, பொத்தான் மாதிரி ஒரு பிக்கப்பை ஒட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரத்தின் அதிர்வை அது வாங்கி ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புமாம்.

ஹாலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். நான் கம்பியைத் தொடக்கூட இல்லை, கிட்டார் தானாக ஊளையிட ஆரம்பித்தது. ஸ்பீக்கரின் சத்தம் கிட்டார் வயிற்றுக்குள் போகிறது, பிக்கப்பில் ஏறுகிறது, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. சுற்றிச் சுற்றிப் பெருகுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"ஒழுங்கா பிடிடி!" என்றாள் அக்கா.

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"உன் வாய்தான் திறக்காது. உன் கிட்டாருக்கு இவ்ளோ வாயா?"

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளியில் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். அங்கே போவதையே நிறுத்திவிட்டேன். இங்கிருந்து எங்கே போவது?

மார்ச் 7, சனி

முடிந்தது. ஊளை வரவே இல்லை!

அத்தான் ஒரு இயர்போன் கொடுத்தார். "உன் சத்தம் இதுல உனக்குக் கேக்கும். வேற எதையும் கவனிக்காத." இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். என் கிட்டார் அவ்வளவு பெரிதாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். படியிறங்கும்போது யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "கிட்டார் ரொம்ப நல்லாருந்துச்சும்மா" என்றார். எனக்கு நன்றி சொல்லக்கூட வரவில்லை, தலையை ஆட்டினேன்.

மாடி முழுக்க என் சத்தம் கேட்டிருக்கிறது. வாயைத் திறக்காமலே.

மார்ச் 8, ஞாயிறு

விரல் எரிகிறது. எரியட்டும்.

மார்ச் 9, திங்கள்

பேக்கரியில் கல்லாவில் இருக்கும் பெண் சனிக்கிழமை மாடிக்கு வந்திருந்தாளாம். போனில் எடுத்த வீடியோவைக் காட்டினாள். முதலில் சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. நான் கையைக் கீழே இறக்கும்போது கம்பியில் விரல் இழுபட்டுக் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு முயன்றும் எனக்கு அது போவதில்லை. வீடியோவில் கை இறங்குகிறது. கிறீச் இல்லை. எந்த இடத்திலும் இல்லை. எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது.

அது நான் இல்லை. அத்தானின் கீபோர்டு. அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிட்டார் சத்தம் வரும். என் சத்தத்தை இயர்போனுக்கு மட்டும் திறந்துவிட்டு, மாடி ஸ்பீக்கருக்கு மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் கேட்டேன்.

"ஊளையிட்டா யாருக்கு அசிங்கம்? உன் அக்காவுக்கு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ வந்து உக்காந்திருப்பியா?"

அக்காவுக்கும் முன்பே தெரியும். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்கிறாள்: "ஒரு பொண்ணு கிட்டாரோட உக்காந்திருந்தா பாக்க நல்லாருக்கும்ல?"

பாக்க நல்லாருக்குமாம்! நான் என்ன பூச்சாடியாடி? நல்லா வருது வாயில. எழுதினா பேனா நாறும். அந்த அம்மா கையைப் பிடிச்சு சொன்னாங்களே — அது யாருக்கு? அந்த ஆளோட பொத்தானுக்கா?

மார்ச் 11, புதன்

அவர்கள் வெளியே போயிருந்தார்கள். ஸ்பீக்கரை வைத்து நானே கிட்டாரை ஊளையிட விட்டேன். அதன் வயிற்றிலுள்ள வட்ட ஓட்டையை உள்ளங்கையால் மூடினால் ஊளை அடங்குகிறது. கையை எடுத்தால் மறுபடி கத்துகிறது. அப்படியென்றால் மூட வேண்டியது அதைத்தான். துண்டை வைத்தேன், உள்ளே விழுந்தது. அட்டையை வைத்தேன், கிரகிரவென்று ஆடியது. ரப்பர் மாதிரி தடிமனாக ஏதாவது வேண்டும்.

அத்தானின் பாத்ரூம் செருப்பு. வலது கால். ஓட்டையைவிட ஒரு நூல் பெரிதாக வட்டமாக வெட்டித் திணித்தேன். ஸ்பீக்கரையும் எனக்கு முன்னால் தள்ளி, அதன் முகத்தை எனக்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன். சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். ஊளை இல்லை.

"என் இன்னொரு செருப்பு எங்க?" என்றார் அத்தான், திரும்பி வந்ததும்.

"கிட்டாருக்குள்ள."

முறைத்தார். ஆனால் அவரே சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். "சரி, இந்தச் சனிக்கிழமை உன்னைத் திறந்து விடறேன்" என்றார்.

நம்பவில்லை.

மார்ச் 14, சனி



ஒரு காதில் மட்டும் இயர்போன். மற்ற காது மாடிக்கு. முதல் பாட்டு ஆரம்பித்தது. ஒரு காதில் என் கிறீச். இன்னொரு காதில் அந்த எண்ணெய்ச் சத்தம். மறுபடியும் அதே வேலை.

பயத்தில் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே இருந்தேன். எதற்கு வாசிக்கிறேன்? யாருக்கு?

இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கிட்டார் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. முன்மேசையில் இருந்தவர் என் கையைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி என் கையைப் பார்த்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாடிக்கொண்டே திரும்பிய அக்கா பாதி வரியில் நின்றாள். அத்தான் கடைசியாகத்தான் தலையைத் தூக்கினார். அவர் விரல் நின்றதும் கிட்டார் நின்றது.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். முகம் கொதித்தது. ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. மடியிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

கடைக்கார அம்மாதான் பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் பொண்ணோட கிட்டாரைப் போடுங்க தம்பி."

போட்டார். நான் ஆரம்பித்தேன். மாடி முழுக்கக் கிறீச். என்னுடையது.

மார்ச் 15, ஞாயிறு

யாரும் என்னிடம் பேசவில்லை. நிம்மதி.

மார்ச் 17, செவ்வாய்

"குடும்ப மானத்தை வாங்கிட்டா" என்று அத்தான் எனக்குக் கேட்கும்படி சுவரிடம் சொன்னார். சுவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 19, வியாழன்

கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து வாசலில் நின்றாள். தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அடுத்த வாரம் அந்த மெதுவான பாட்டு... எந்தச் சுருதியில வச்சுக்கலாம்? உனக்கு எது வசதி?"

எனக்கு எது வசதி என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும். உடனே சொல்லவில்லை. அடுத்த கம்பியைத் துடைத்தேன், அதற்கடுத்ததையும் துடைத்தேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள்.